நாற்பது ஆண்டு நோயை மூன்றாண்டில் அளந்த கதை

சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்றாலே மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது இனிப்பு நீர் வியாதிதான். அதில் தவறில்லை. இரு நாடுகளிலும் இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரம் மும்முறை போய்வருவோரில் பெரும்பாலோரை அங்கே கொண்டு சேர்த்தது நீரிழிவே. ஆனால் சர்க்கரையும் இல்லை, உணவிலும் கட்டுப்பாடு, இருந்தும் ஐம்பது வயதில் சிறுநீரகம் கைவிட்டுவிடுகிறது என்ற நிலை சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதுண்டு. தாத்தாவுக்கு வந்தது, அப்பாவுக்கு வந்தது, இப்போது மகளுக்கும் வந்திருக்கிறது என்பார்கள்.

இதுதான் பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய். தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு இருந்தால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆண், பெண் என்ற பேதம் இல்லை. நலமான சிறுநீரகம் கைமுட்டி அளவு இருக்கும். இந்நோயில் சிறுசிறு குமிழ்களாகத் தொடங்கும் நீர்க்கட்டிகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி, அதைத் தேங்காய் அளவுக்கும் அதற்கு மேலும் ஊத வைக்கின்றன. இதில் ஒரு விந்தையும் உண்டு. கட்டிகள் பெருகிக்கொண்டிருக்கும்போதே, எஞ்சியுள்ள நல்ல பகுதி கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடும். இரத்தப் பரிசோதனை எல்லாம் சரி என்றே காட்டும். முப்பது, நாற்பது ஆண்டுகள் இப்படியே ஓடிவிடும். பிறகுதான் சரிவு. நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 60 வயதுவாக்கில் சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்துவிடுகிறது.

இந்த நிதானமான போக்குதான் மருந்து கண்டுபிடிப்போரை நெடுங்காலம் திணறடித்தது. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தால் மூன்று நாளில் பலன் தெரியும். இங்கோ, ஆள் நலமாக நடமாடும்போதே மருந்தைத் தொடங்க வேண்டும். பலன் உண்டா இல்லையா என்பது முப்பது ஆண்டு கழித்துத்தான் தெரியும். எந்த நிறுவனம் அதுவரை காத்திருக்கும்? எந்த நோயாளி முப்பது ஆண்டுகளுக்கு வெற்று மாத்திரை விழுங்கச் சம்மதிப்பார்? டோல்வாப்டான் என்ற மருந்தின் வரலாறு, இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் பட்டுத் தெளிந்த பதிலின் வரலாறு.

மன்னரின் சிறுநீரகம்

நோய் புதியதன்று. போலந்து மன்னர் ஸ்டீபன் பாத்தரி 1586ஆம் ஆண்டு டிசம்பரில், இன்று பெலாரசில் இருக்கும் குரோட்னோ நகரில் இறந்தார். உடலைப் பதப்படுத்தத் திறந்தபோது, அவரது சிறுநீரகங்கள் காளையின் சிறுநீரகங்களைப் போல் பெருத்து, மேடும் பள்ளமுமாக இருந்ததாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். மன்னருக்கு இருந்தது இந்நோய்தான் என்று பிற்கால மருத்துவர்கள் கருதுகின்றனர்.

நோய்க்கு இன்றைய பெயரைத் தந்தவர் பிரெஞ்சு மருத்துவர் பெலிக்ஸ் லெஜார். 1888இல் பாரிஸில் அவர் எழுதிய ஆய்வேட்டில் அப்பெயர் வருகிறது. குடும்பம் குடும்பமாகப் பின்தொடர்ந்து, இது பரம்பரையாக வரும் விதத்தை 1957இல் நிறுவியவர் டென்மார்க்கின் டல்கார்ட். 284 நோயாளிகளையும் அவர்களின் உறவினர்களையும் அவர் ஆராய்ந்திருந்தார். 1985இல் கோளாறு 16ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்பது தெரிந்தது. சரியான மரபணு அகப்பட்டது 1994இல்தான். அதற்கு உதவியது ஒரு போர்ச்சுகீசியக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் தாய்க்கும் மகளுக்கும் 16ஆம் குரோமோசோமில் ஒரு முறிவு இருந்தது. இருவருக்குமே சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள். முறிந்த இடத்தைத் தேடிப் போன ஐரோப்பிய ஆய்வுக் குழு, தேடிய மரபணு அங்கேயே இரண்டாகப் பிளந்து கிடப்பதைக் கண்டது. இரண்டாவது மரபணு 1996இல் கண்டறியப்பட்டது.

மரபணு கிடைத்துவிட்டால் மருந்தும் கிடைத்துவிடும் என்று அப்போது பலரும் நம்பினர். மருந்துக்கு வழி பிறந்தது வேறோர் இடத்தில்.

நீரைக் காக்கும் ஹார்மோன்

அமெரிக்காவின் ஜாரெட் கிரந்தம் இளம் ஆராய்ச்சியாளராக இருந்தபோது, முயலின் சிறுநீரகத்திலிருந்து தலைமுடி போன்ற நுண்குழாய்களைப் பிரித்தெடுத்து அவற்றுள் நீரைச் செலுத்திப் பார்க்கும் நுட்பமான வேலையில் ஈடுபட்டிருந்தார். 1966இல் அவரும் மாரிஸ் பர்க்கும் வெளியிட்ட கட்டுரை வாசோபிரெசின் என்ற ஹார்மோனைப் பற்றியது. உடலில் நீர் குறையும்போது மூளையின் அடிப்பகுதியிலிருந்து இது சுரக்கிறது. சிறுநீரகத்துக்கு அது சொல்லும் செய்தி ஒன்றுதான்: நீரை வீணாக்காதே, திரும்ப உறிஞ்சிக்கொள். செய்தியைக் குழாயின் செல்லுக்குள் எடுத்துச் செல்லும் தூதுப் பொருள் சைக்ளிக் ஏ.எம்.பி.

கிரந்தம் பின்னர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் நீர்க்கட்டி நோயையே தம் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். ஜோசப் புரூனிங் என்ற தொழிலதிபருடன் சேர்ந்து 1982இல் இந்நோய்க்கென்றே ஓர் அறநிறுவனத்தையும் தொடங்கினார். நோயுற்ற செல்களுக்குச் சைக்ளிக் ஏ.எம்.பி. தலைகீழான கட்டளையாக வேலை செய்கிறது என்பது படிப்படியாகத் தெரியவந்தது. அது செல்லைப் பெருகச் செய்கிறது, கட்டிக்குள் நீரையும் சுரக்கச் செய்கிறது. கட்டி வளர வேறென்ன வேண்டும்?

அப்படியானால் வாசோபிரெசினின் கதவையே அடைத்துவிட்டால் என்ன என்று கேட்டவர் இந்தியானா பல்கலைக்கழகத்தின் வின்சென்ட் கேட்டோன். அந்தக் கதவை அடைக்கும் பொருள் ஜப்பானின் ஒட்சுகா நிறுவனத்திடம் ஏற்கெனவே இருந்தது. நம் ஊர்க் கடைகளில் விற்கும் பொக்காரி சுவெட் பானத்தைத் தயாரிப்பதும் இதே நிறுவனம்தான். உடல் இழந்த நீரை மீட்டுத் தரும் பானத்தை விற்றவர்களே உடலிலிருந்து நீரை வெளியேற்றும் மருந்தையும் கையில் வைத்திருந்தார்கள்! இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்தவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் என்று உருவாக்கப்பட்ட மருந்து வகை அது.

கேட்டோனும், மேயோ மருத்துவமனையின் விசென்டே டோரெசும், பீட்டர் ஹாரிசும் அப்பொருளை நீர்க்கட்டி நோயுள்ள எலிகளுக்குக் கொடுத்தனர். கட்டிகளின் வளர்ச்சி தடைப்பட்டது. 2003இல் இந்த முடிவு வெளிவந்தது. இதைவிடத் தெளிவான சான்று 2008இல் வந்தது. வாசோபிரெசினே சுரக்காத ஓர் எலி இனம் உண்டு. அதை நீர்க்கட்டி எலிகளுடன் இணைத்து, நோய் மரபணு இருந்தும் ஹார்மோன் இல்லாத குட்டிகளைப் பிறக்கச் செய்தார்கள். அவற்றுக்குக் கட்டிகள் அநேகமாக வரவேயில்லை. செயற்கையாக ஹார்மோனைக் கொடுத்ததும் கட்டிகள் மளமளவென வளர்ந்தன. இதற்கிடையே 2006இல் ஆய்வாளர்கள் எலிகளை நிறைய நீர் குடிக்க வைத்தே நோயைத் தணித்துக் காட்டினர். நீர் நிறையக் குடித்தால் ஹார்மோன் தானே அடங்கும் அல்லவா?

எதை வைத்து அளப்பது?

எலியின் நோய் சில வாரங்களில் முற்றிவிடும். மனிதரிடம் அந்த வசதி இல்லை. வழக்கமான அளவுகோலான இரத்தக் கிரியேட்டினின், நோய் பாதி வழி போன பிறகுதான் அசையத் தொடங்கும். எனவே புதிய அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது. சிறுநீரகத்தின் பருமனையே அளந்தால் என்ன என்று யோசித்தார்கள். அமெரிக்காவில் கிரிஸ்ப் என்ற ஆய்வில் 241 நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப்பட்டது. 2006இல் வெளியான முடிவின்படி, சிறுநீரகங்களின் மொத்தப் பருமன் சராசரியாக ஆண்டுக்கு 5.3 விழுக்காடு கூடியது. பருமன் அதிகமுள்ளவர்களுக்கே செயல்திறனும் விரைவாகக் குறைந்தது. வங்கி வட்டி போல, மெதுவாக ஆனால் தவறாமல் ஏறும் கணக்கு. நாற்பது ஆண்டு நோயை மூன்றாண்டில் அளக்க ஒரு கோல் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள்.

அந்த மகிழ்ச்சிக்கு 2010இல் ஓர் அடி விழுந்தது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோருக்குக் கொடுக்கப்படும் இரண்டு மருந்துகளை இந்நோய்க்குச் சோதித்த முடிவுகள் அவ்வாண்டு ஒன்றாக வெளிவந்தன. சிரோலிமஸ் மருந்தால் எந்தப் பலனும் தெரியவில்லை. 433 பேரிடம் ஈராண்டு சோதிக்கப்பட்ட எவரோலிமஸ், பருமன் கூடும் வேகத்தைக் குறைத்தது. ஆனால் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைவதை அது தடுக்கவில்லை. கட்டி சிறுத்தது, நோயாளிக்கு நன்மை இல்லை! அப்படியென்றால் பருமனை மட்டும் காட்டி இது நல்ல மருந்து என்று எப்படிச் சொல்வது? பின்னால் டோல்வாப்டான் சந்தித்த எதிர்ப்பைப் புரிந்துகொள்ள, இந்த எவரோலிமஸ் பாடத்தை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

1,445 பேர், மூன்று ஆண்டுகள்

டோல்வாப்டான் சோதனைக்கு ஆள் சேர்ப்பது 2007 ஜனவரியில் தொடங்கியது. டெம்போ 3:4 என்பது அதன் பெயர். 15 நாடுகள், 129 மருத்துவ நிலையங்கள், 1,445 நோயாளிகள். எல்லாரும் 18 முதல் 50 வயதுக்குட்பட்டவர்கள். சிறுநீரகம் இன்னும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தாலும், பருமன் 750 மில்லிலிட்டருக்குக் குறையாமல் ஊதியிருந்தவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். அதாவது விரைவாக முற்றக்கூடிய நோயாளிகள். மூவரில் இருவருக்கு மருந்து, ஒருவருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

தெரியாது என்பது ஏட்டளவில்தான். நீரைத் தேக்கி வைக்கும் கட்டளையை அடைத்தால் நீர் கொட்டத்தானே செய்யும்? மருந்து உண்டவர்களில் 55 விழுக்காட்டினர் ஓயாத தாகம் என்றனர். அடிக்கடி சிறுநீர், இரவில் பல முறை எழுந்து போக வேண்டிய தொல்லை. பேருந்து ஓட்டுநரோ, வகுப்பறையை விட்டு நகர முடியாத ஆசிரியரோ இந்த மாத்திரையோடு ஒரு நாளைக் கழிப்பதை நினைத்துப் பார்த்தால் போதும். அதுவும், அதுவரை உடம்பில் பெரிதாக எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவர். நீர்க்கழிவுத் தொல்லையால் மட்டும் 8.3 விழுக்காட்டினர் மருந்தைக் கைவிட்டனர். எல்லாக் காரணங்களையும் சேர்த்தால், மருந்துக் குழுவில் 23 விழுக்காட்டினர் மூன்றாண்டு முடிவதற்குள் விலகிவிட்டனர். வெற்று மாத்திரைக் குழுவில் விலகியவர் 14 விழுக்காட்டினர்.

முடிவு 2012 நவம்பரில் வந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களின் சிறுநீரகம் ஆண்டுக்கு 5.5 விழுக்காடு பெருத்தது. மருந்து பெற்றவர்களுக்கு 2.8 விழுக்காடு. ஏறத்தாழ சரிபாதி. எவரோலிமஸ் தவறவிட்டதை இந்த மருந்து தவறவிடவில்லை. செயல்திறன் குறையும் வேகமும் மட்டுப்பட்டது. விலாப்புறத்தில் வரும் கடும் சிறுநீரக வலியும் குறைந்தது. இந்நோய்க்கென நடந்த பெரிய மருந்துச் சோதனையில் இரண்டு அளவுகோல்களும் ஒரே திசையைக் காட்டியது அதுவே முதன்முறை.

ஆனால் கல்லீரலில் எவரும் எதிர்பாராத ஒன்று தென்பட்டது. மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவருக்குக் கல்லீரல் நொதியின் அளவு வழக்கத்தைவிட இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியது. வெற்று மாத்திரைக் குழுவில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் அப்படி. நொதி ஏறுவது மட்டும் என்றால் பரவாயில்லை. சோதனையிலும் அதன் தொடர்ச்சியிலும் சேர்த்து மூவருக்கு, நொதியோடு மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிருபினும் ஏறிவிட்டது. மருந்தை நிறுத்தியதும் மூவரும் குணமடைந்தனர். ஆயினும் இவ்விரண்டும் சேர்ந்து ஏறினால், ஆயிரக்கணக்கானோர் அம்மருந்தை உண்ணும்போது சிலருக்குக் கல்லீரலே செயலிழக்கும் என்பது மருந்துத் துறையில் பழைய அனுபவம்.

ஒன்பதுக்கு ஆறு

2013 ஆகஸ்டு 5ஆம் தேதி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு கூடியது. குழுவினர் முன்னிருந்த கணக்கு எளிதன்று. ஒரு தட்டில், ஆண்டுக்கு நிமிட வடிகட்டல் ஏறத்தாழ 1 மில்லிலிட்டர் மிச்சமாகும் நன்மை. அது முப்பது ஆண்டு நீடிக்குமா என்பதற்குச் சான்று இல்லை. மற்றொரு தட்டில், இன்று நலமாக இருக்கும் இளவயதினருக்குக் கல்லீரல் போய்விடலாம் என்ற அபாயம். போதாக்குறைக்கு, மருந்துக் குழுவில் நான்கில் ஒரு பங்கினர் பாதியில் விலகியதால் எண்களின் மீதும் ஐயம். வாக்கெடுப்பில் அனுமதிக்கு எதிராக 9 வாக்குகள், ஆதரவாக 6. நிர்வாகம் அம்மாதமே அனுமதி மறுத்தது.

அதே சோதனை, அதே எண்களைப் பார்த்த ஜப்பான் 2014 மார்ச்சில் அனுமதி வழங்கியது. உலகில் இந்நோய்க்கென்று அனுமதி பெற்ற முதல் மருந்து அது. ஐரோப்பாவும் 2015 மே மாதம் அனுமதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டனின் அரசு மதிப்பீட்டு அமைப்பு, நோய் வேகமாக முற்றும் சான்று உள்ளவர்களுக்கு மட்டும், அதுவும் நிறுவனம் விலையைக் குறைத்துத் தந்தால் மட்டும் கொடுக்கலாம் என்றது.

அப்படியானால் தவறு செய்தது யார்? ஒன்பது பேரும் ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்று அன்று பேசிய நோயாளிக் குடும்பங்களின் ஆதங்கம் நியாயமானதே. ஒவ்வோர் ஆண்டும் நழுவிப் போகும் சிறுநீரகத் திறன் திரும்பி வராது. ஆனால் எவரோலிமஸ் பாடம் மூன்றே ஆண்டு பழையது. மறுப்பு இல்லாதிருந்தால் அடுத்து நடந்த சோதனை நடந்திருக்காது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்தச் சோதனைதான் இம்மருந்தைப் பற்றி இன்று மருத்துவர்களுக்குத் தெரிந்திருப்பதில் பாதி.

இரண்டாம் சோதனை

ரிப்ரைஸ் என்ற இந்தச் சோதனையை அமைத்தவர்கள் முதல் சோதனையின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். பாதியில் விலகுவோர் பிரச்சினையா? முதலில் எல்லாருக்கும் சில வாரம் மருந்தைக் கொடுத்து, தாகத்தையும் கழிவறை ஓட்டத்தையும் தாங்கிக்கொள்வோரை மட்டும் சோதனைக்குள் எடுத்தார்கள். மருந்து உடலில் இருக்கும்போது எடுத்த அளவு ஏமாற்றுமா? மருந்து தொடங்குமுன் ஓர் அளவு, ஓராண்டு முடிந்து மருந்தை நிறுத்திய பின் ஓர் அளவு. பருமனைக் கணக்கில் எடுக்கவேயில்லை; செயல்திறன் மட்டுமே கோல். செயல்திறன் ஏற்கெனவே குறைந்து, நோய் முற்றியவர்களே இம்முறை சேர்க்கப்பட்டனர். கல்லீரல் பரிசோதனை முதல் சோதனையில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. இதிலோ மாதந்தோறும்.

1,370 பேர் கலந்துகொண்ட அச்சோதனையின் முடிவு 2017 நவம்பரில் வெளியானது. வெற்று மாத்திரைக் குழு ஓராண்டில் 3.61 மில்லிலிட்டர் திறனை இழந்தது. மருந்துக் குழு இழந்தது 2.34. கல்லீரல் நொதி மூன்று மடங்குக்கு மேல் ஏறியவர்கள் 5.6 விழுக்காடு, எதிர்க்குழுவில் 1.2. ஆனால் மாதந்தோறும் பார்த்ததால் உடனுக்குடன் மருந்தை நிறுத்த முடிந்தது. ஒருவருக்கும் பிலிருபின் அபாய அளவைத் தொடவில்லை.

1.27 மில்லிலிட்டர் வேறுபாடு பெரிதா, சிறிதா? சாதாரண வகுத்தல் கணக்கே போதும். வடிகட்டும் திறன் 40 உள்ள ஒருவர் 10க்கு இறங்க, முதல் வேகத்தில் எட்டு ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும்; இரண்டாம் வேகத்தில் பதின்மூன்று ஆண்டுகள். பலன் அதே அளவில் நீடித்தால் என்ற நிபந்தனையோடுதான் இக்கணக்கு. இரத்தச் சுத்திகரிப்பு நாற்காலியை நான்கைந்து ஆண்டு தள்ளிப்போடுவது, அதில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால், சிறிய விஷயமாகத் தோன்றாது. நோயைக் குணப்படுத்தும் மருந்து என்று மட்டும் யாரும் இதைச் சொல்லிவிடக் கூடாது.

2018 ஏப்ரலில் அமெரிக்காவும் அனுமதி வழங்கியது. நோய் விரைவாக முற்றும் அபாயம் உள்ள பெரியவர்களுக்கு மட்டும் என்பது வரம்பு. மருந்து தொடங்கிய இரண்டாம், நான்காம் வாரங்களில் இரத்தப் பரிசோதனை, பிறகு 18 மாதம் வரை மாதந்தோறும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ரிப்ரைஸ் கற்றுத்தந்த முறையே நிபந்தனையானது. 1966இல் முயலின் நுண்குழாய்க்குள் நீர் செலுத்தியவர் இதைப் பார்க்க இருக்கவில்லை. கிரந்தம் 2016இல் காலமானார்.

எலிகளுக்குக் கொடுத்த வெறும் நீரின் கதையும் பாக்கி இருக்கிறது. விலை உயர்ந்த மாத்திரை எதற்கு, குழாய் நீரே ஹார்மோனை அடக்குமே என்ற கேள்வி இயல்பானதுதான். ஆஸ்திரேலியாவில் 184 நோயாளிகளிடம் அதையும் முறையாகச் சோதித்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நீர் என்று கணக்கிட்டுக் கொடுத்து, மூன்றாண்டு எம்.ஆர்.ஐ. மூலம் பின்தொடர்ந்தனர். 2022இல் வெளியான முடிவின்படி, சிறுநீரகம் பெருப்பதில் இரு குழுவினருக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. நீர் குடிக்கச் சொல்லப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரால்தான் இலக்கை எட்ட முடிந்தது. எலிக்குக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் குடித்துவிடும். வேலைக்குப் போகும் மனிதரை மூன்றாண்டு தினமும் அப்படிக் குடிக்க வைப்பது வேறு காரியம். சிறுநீரகம் மிகவும் தளர்ந்துவிட்டவர்களுக்கு நீரைக் குறைக்கும்படி மருத்துவர்கள் சொல்வதும் உண்டு. ஆகையால் எவ்வளவு குடிப்பது என்பதைக் குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்கள் தாங்களாக முடிவு செய்யாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே நல்லது.